கதிரைக்குப் பின்னால் நின்றவள்

ரோஸ்டேலில் அந்தப் பழைய வீட்டு மணியை ரோகிணி அழுத்தியபோது நேரம் பகல் பன்னிரண்டு. ஒக்டோபர் வெயில். கூலிக்கு ஆள் வைத்து இலை கூட்டுகிற தெரு. ரூஜ் பக்கத்தில் அவளுடைய தெருவில் அவரவர் வீட்டு இலையை அவரவரே கூட்டுவார்கள், அதுவும் படுக்கை உடுப்போடு. நல்ல மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது ரோகிணியின் எண்ணம்.

கதவைத் திறந்தவள் தொண்ணூறு வயது வெள்ளைக்காரக் கிழவி. ரோகிணியைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தாள், பார்த்தது போதும் என்று திரும்பி நடந்தாள். முன்மண்டபத்தில் ஏழெட்டுக் கதிரைகள் கிடந்தன. கிழவி ஒன்றில் அமர்ந்துகொண்டாள். ரோகிணியை இரு என்று சொல்லவில்லை. அரை மணித்தியாலம் ரோகிணி கைப்பையைப் பிடித்தபடி நின்றேதான் பேசினாள்.

வேறு யாராவது என்றால் மனம் நொந்திருப்பார்கள். ரோகிணி மெச்சினாள். இதுவல்லவா குடும்பம் என்று நினைத்தாள்.

ஏனென்றால் இது அவளுக்கும் கைவந்த கலை. அவளுடைய உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை. இருக்கச் சொல்லத் தக்கவர்கள், நிற்க வைத்தே அனுப்பத் தக்கவர்கள். கனடாவில் சட்டம் இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, யாரையும் வாசலில் வைத்து ஏசி அனுப்ப முடியாது. அதனால் ரோகிணி எல்லோருக்கும் 'வாங்கோ' சொல்லுவாள். 'இருங்கோ' என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வாள். ஊர் எந்தப் பக்கம், பக்கத்தில் எந்தக் கோயில், ஆருடைய சொந்தம் என்று மூன்று கேள்வி. பதில் பிடிக்காவிட்டால் வந்தவர் சோபாவைப் பார்ப்பார், ரோகிணியைப் பார்ப்பார், கடைசியில் நின்றபடியே கடதாசிக் கப்பில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். தங்க விளிம்பு வைத்த கோப்பைகள் அலுமாரிக் கண்ணாடிக்குள் இருக்கும். ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. ஆனால் சங்கதி வந்தவருக்கு நன்றாக விளங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட ரோகிணி ரோஸ்டேல்வரை வந்தது ஒரு கதிரைக்காக. ஒரே ஒரு கதிரைக்காக.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, தவமணி என்பவள் அவளுடைய வீட்டுக்கு வரப்போகிறாள். தவமணி வோபர்னில் பலகாரம் சுட்டு விற்பவள். பதினான்கு வருடத்துக்கு முன், ரோகிணியின் ஒரே மகள் துவாரகா பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டுக்கு நானூறு பயத்தம்பணியாரம் கொண்டுவந்தவள். ரோகிணி கண்டும் காணாதவளாக இருக்க, தட்டுகளைத் தூக்கிப் பிடித்தபடி இருபது நிமிடம் வாசற்படியில், பனிக்குள், கால் நனைய நனைய நின்றாள். அன்றைக்கு வெளியே வானுக்குள் இருந்த அவளுடைய பெடியன்தான் மிதுனன். கட்டினால் அந்த மிதுனனைத்தான் கட்டுவேன் என்று இப்போது துவாரகா ஒற்றைக்காலில் நின்றாள்.

"அன்ரி வரேக்கை நீங்கள் அவவை இருக்கச் சொல்லவேணும், அம்மா. சொல்லாட்டி அவையோடை நானும் போயிடுவன். பிறகு வரமாட்டன். ஐ ஆம் நொட் ஜோக்கிங்," என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பதின்மூன்று வயதில், பட்டுச்சேலையோடு மாடிப்படியில் நின்று அவள் அதைப் பார்த்திருக்கிறாள். மறக்கவில்லை.

ஒரே பிள்ளை. போனால் ரோகிணிக்கு வேறு ஒன்றும் மிஞ்சாது. அவள் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இருக்கச் சொல்லாமல் விட்டால்தானே குற்றம்? இருக்க இடமே இல்லாவிட்டால்? சோபா பேஸ்மென்றுக்குப் போகட்டும். முன்னறையில் ஒரே ஒரு கதிரை, சிம்மாசனம் போல ஒன்று. அதில் வீட்டுக்காரி இருப்பாள். 'சோபா திருத்தக் குடுத்திருக்கு' என்று ஒரு வார்த்தை. முடிந்தது அலுவல்.

கிழவி ஊன்றுகோலால் மூலையைச் சுட்டினாள்.

கறுத்துச் சிவந்த மகோகனி. கைப்பிடி வைத்த பெரிய கதிரை. முன்கால்கள் இரண்டும் கழுகின் கால்கள், ஒவ்வொன்றும் ஓர் உருண்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. நகங்களைக்கூட எவனோ தனித்தனியாகச் செதுக்கியிருந்தான். முதுகுப் பலகையில் கொடியும் இலையும், உச்சியில் ஒரு சிப்பி. மில்லிக்கனில் வெள்ளைத் தோல் சோபாவை வாங்கி, அதற்கு பிளாஸ்டிக் உறையும் போட்டு, அதன்மேல் வழுக்கிக்கொண்டு குந்தியிருக்கிற சனங்கள் இதைக் கண்டால் விறகென்று நினைக்கும்.

"பிலடெல்பியாவில் செய்தது. ஆயிரத்து எழுநூற்று அறுபதுகள்," என்றாள் கிழவி தன் ஆங்கிலத்தில். "அமெரிக்காவில் கலகம் வந்தபோது என் முன்னோர்கள் அரசரின் பக்கம் நின்றார்கள். தோற்றதும் இதையும் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தார்கள். அது தன் பெண்ணோடுதான் வந்தது."

ரோகிணிக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும். இரண்டு மாதமாக யூடியூப்பில் படித்திருக்கிறாள். ஆணுக்குப் பெரிய கதிரை, பெண்ணுக்குச் சின்னக் கதிரை என்று சோடியாகச் செய்வார்கள்.

"அந்த லேடீஸ் செயாரையும் நானே எடுக்கிறேன். எங்கே இருக்கிறது?" என்றாள்.

கிழவி முதல் தடவையாக அவளை ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு வறண்ட தொண்டையால் சிரித்தாள்.

"எடுத்துக்கொள். அவளையும் சேர்த்துத்தான் தருகிறேன்."

வெள்ளைக்காரர் கப்பலையும் காரையும்கூட 'அவள்' என்பார்கள், கதிரையைச் சொன்னால் என்ன என்று ரோகிணி எண்ணினாள். அத்தனை கதிரைகளில் மிகச் சிறந்தது அதுவாக இருக்க, கிழவி ஏன் அதில் இருக்காமல் வேறொன்றில் இருக்கிறாள் என்று மட்டும் அவளுக்கு எண்ணத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை லொறி வந்தது. பெரிய கதிரைதான் வந்தது, சின்னதைக் காணவில்லை. கிழவி ஏமாற்றிவிட்டாள் என்று ரோகிணி பொருமினாள். போதாக்குறைக்கு ஒரு கைப்பிடி ஆடியது. தளபாடம் திருத்துகிற கஸ்பரைக் கூப்பிட்டாள். கஸ்பருக்கு ஐம்பது வயதிருக்கும், வேலையில் சுத்தமான மனிதன், நிற்க வைக்கிற வகை. அவன் முழங்காலிட்டுப் பசை வைத்து இறுக்கி முடித்தான். பின்பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"இஞ்சை ஒருக்கா பாருங்கோ, அக்கா."

"என்ன, பூச்சி கீச்சி அரிச்சிருக்கோ?"

"பூச்சி இல்லை. கதிரை எண்டால் முன்னாலைதானே தேயும்? கைப்பிடி தேயும், இருக்கிற விளிம்பு தேயும். இது பின்னாலை தேய்ஞ்சிருக்கு."

முதுகின் மேற்சட்டத்துப் பின்பக்கம் இரண்டு இடத்தில் செதுக்கல் மழுங்கி வழுவழுவென்று கிடந்தது. இந்தப் பக்கம் நான்கு விரல் அகலம், அந்தப் பக்கம் நான்கு விரல் அகலம்.

"இருந்த ஆக்கள் தேய்ச்சதில்லை, அக்கா. பின்னாலை நிண்ட ஆள் பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ச்சது. உது ஒரு நாள் ரண்டு நாளிலை வாற தேய்வில்லை. ஒரு சீவியம் முழுக்க நிண்டிருக்கவேணும்."

"நான் கைப்பிடியை ஒட்டத்தான் உம்மைக் கூப்பிட்டனான், கஸ்பர்."

கஸ்பர் தன் விரல்களை முகர்ந்து பார்த்தான். "சீனி கருகின மணம் வருது," என்றான். கடதாசிக் கப்பில் கொடுத்த தேத்தண்ணீரை அவன் தொடவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு வாசலில் திரும்பி, "அப்ப, போட்டு வாறன்," என்றான். ரோகிணிக்குச் சொன்னானா, அவளுக்குப் பின்னால் கிடந்த கதிரைக்குச் சொன்னானா என்று விளங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் மரியாதையை எங்கே வைப்பதென்று தெரியாது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு ரோகிணி முதன்முதலாக அதில் இருந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. கணவன் வாகீசன் யாருக்கோ வீடு காட்டப் போயிருந்தார். துவாரகா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. கீழே ஹீட்டரின் உறுமல் மட்டும் கேட்டது. யன்னலால் விழுந்த வெயில் கம்பளத்தில் பாதி தூரம் வந்து நின்றது. மெழுகு மணம் வந்தது. அதற்குள்ளே சீனி கருகின மணம். அதற்கும் உள்ளே, நெடுநேரம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்ற ஓர் உடம்பின் வியர்வை மணம்.

கழுத்துக்குப் பின்னால் மயிர் அசைந்தது.

யன்னல் பூட்டியிருந்தது.

மறுபடியும் அசைந்தது. சூடாக, ஒரே சீராக. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பின்னால் ஆள் நிற்கிறது.

"ச்ச்ச்."

ரோகிணி துள்ளி எழுந்து திரும்பினாள். சுவர்தான் இருந்தது. சுவரில் வாகீசனும் அவளும் நயாகராவில் எடுத்த படம் இருந்தது.

வேறொருத்தி என்றால் அன்றைக்கே கதிரையை வீதியில் தூக்கி வைத்திருப்பாள். ரோகிணியின் பயம் பத்து நிமிடம்தான் இருந்தது. பதினோராவது நிமிடம் அவளுக்குக் கிழவி சொன்னது பிடிபட்டது. தன் பெண்ணோடு வந்தது. லேடீஸ் செயார் இல்லை, வேலைக்காரி! கனடாவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடத்தில், வீடு, கார், வைரத்தோடு எல்லாம் கிடைத்தும், அவளுக்குக் கிடைக்காமலே போன ஒன்று அதுதான். இங்கே காசு கொடுத்தாலும் பின்னால் நிற்க ஒருத்தியும் வரமாட்டாள். இது சம்பளம் கேட்காது, சாப்பாடு கேட்காது, லீவும் கேட்காது. ரோகிணி திரும்ப வந்து இருந்தாள்.

"நில்லடி, அப்பிடியே நில்," என்றாள்.

அது நின்றது.

அந்தச் சத்தம் என்னவென்றும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். உச்சுக்கொட்டல். ஒருவரின் துன்பத்தைக் கேட்டால் நாங்கள் நாக்கைத் தட்டி 'ச்சு, பாவம்' என்போமே, அதுதான். யாரோ இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வேலைக்காரிக்குத் தன்மேல் இரக்கம். அதன்பின் தினமும் நாலு மணிக்கு ரோகிணி தன் துன்பங்களை அதற்குச் சொன்னாள். சொல்ல ஆளில்லாமல்தான் அவளும் இத்தனை காலம் இருந்தாள்.

"என்ரை தகப்பன் ஆரெண்டு தெரியுமோடி உனக்கு? எங்கடை வளவுக்குள்ளை அவையள் காலே வைக்க ஏலாது."

"ச்ச்ச்."

"ஒரே பிள்ளை. பலகாரக்காரியின்ரை வீட்டிலை போய் மா இடிக்கப் போறாள்."

"ச்ச்ச்."

"நீ எண்டாலும் என்ரை மனசை உணருறாய்."

அதற்கு நீளமாக ஒன்று வந்தது. பல்லிடுக்கால் காற்றை மெல்ல மெல்ல உள்ளே இழுக்கிற சத்தம், இழுத்து முடியக் கனநேரம் பிடித்தது. என்ன அன்பு என்று ரோகிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. காலையில் வாகீசனும் பக்கத்து வீட்டுக்காரரும் சோபாவைப் பேஸ்மென்றுக்கு இறக்கினார்கள். சாப்பாட்டு மேசைக் கதிரைகளும் கீழே போயின. வாகீசன் ஏன் என்று கேட்கவில்லை, இந்த வீட்டில் கேள்வி கேட்கிற பழக்கத்தை அவர் விட்டு நெடுங்காலம். ரோகிணி பச்சைக் காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தாள். சின்ன மேசையில் கடதாசிக் கப் ஒரு கட்டு தயாராக இருந்தது.

இரண்டு மணிக்குச் சற்று முன் துவாரகா மேலிருந்து இறங்கி வந்தாள். வெறும் அறையைப் பார்த்தாள். கப்புகளைப் பார்த்தாள்.

"அம்மா. சோபா எங்கை?"

"திருத்தக் குடுத்திருக்கு."

"அது பேஸ்மென்றிலை கிடக்கு. நான் கண்டனான். உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

"எனக்கேன் வெக்கம்? வாறவைக்குத்தான் அது இருக்கவேணும்."

"ச்ச்ச்."

துவாரகா அசையாமல் நின்றாள். பேச வாய் எடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆர் உது?"

"உனக்கும் கேட்டதோ?" ரோகிணிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "பயப்பிடாதை. கதிரையோடை வந்த வேலைக்காரி. அதை வித்த கிழவிதான் சொன்னவள், அமெரிக்காக் கலகத்துக்கு ஓடி வரேக்கை கதிரை தன்ரை பொம்பிளையோடை வந்ததெண்டு. நல்லவள். நான் கதைக்கக் கதைக்க எனக்காக இரங்கி உச்சுக்கொட்டுவாள்."

"இரங்கியோ?" துவாரகாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "அம்மா, உது உச்சுக்கொட்டுறது இல்லை. கிஸ்ஸிங் ரீத், பல்லுக்குள்ளாலை காத்தை உறிஞ்சுறது. ஜமேக்கன் பிள்ளையள் செய்வினம், என்ரை வகுப்பிலை இப்ப எல்லாப் பிள்ளையளும் செய்யுதுகள். உது பாவம் பாக்கிறதுக்கு இல்லை. நீயெல்லாம் ஒரு ஆளோ எண்டு சொல்லுறதுக்கு."

ரோகிணி கதிரைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"வேலைக்காரியும் இல்லை. அமெரிக்காவிலையிருந்து ஓடி வந்த அந்தக் குடும்பங்கள் கதிரை மேசையோடை கறுப்பு அடிமையளையும் கொண்டந்தவை. கதிரையை மாதிரியே அவவும் அவையின்ரை சாமான். அதைத்தான் அந்தக் கிழவி சொல்லியிருக்கிறா."

மூன்று கிழமை. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு. தகப்பனைப் பற்றிச் சொன்னபோது வந்த ச்ச்ச், வளவைப் பற்றிச் சொன்னபோது வந்த ச்ச்ச், உணருகிறாய் என்றபோது வந்த அந்த நீளமான ச்ச்ச். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிவந்து ரோகிணியின் காதில் விழுந்தன. அவளுடைய முகம் எரிந்தது. ஆவியென்று அவளுக்கு அப்போது பயமில்லை. ஓர் அடிமைப் பெண், சம்பளம்கூட வாங்காதவள், தன்னை, ரோகிணியை, இளப்பமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! அதுதான் தாங்க முடியவில்லை.

மணி அடித்தது.

வாகீசன் கதவைத் திறந்தார். மிதுனன் முன்னால் வந்தான், நெடுநெடுவென்று, கழுத்துப்பட்டியோடு. அவனுக்குப் பின்னால் தவமணி. நீலச் சேலை, அதற்கு மேல் குளிர்ச்சட்டை, கையில் மூடிய தட்டு. பயத்தம்பணியாரமாகத்தான் இருக்கும்.

"வாங்கோ," என்றாள் ரோகிணி, கதிரையில் இருந்தபடியே. பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அறைக்குள் எல்லோரும் நின்றார்கள். தவமணி தட்டைப் பிடித்தபடி நின்றாள். பதினான்கு வருடத்துக்கு முந்திய அதே நிலை, அதே நிமிர்வு. துவாரகா தாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொல்லுங்கோ அம்மா என்று அவளுடைய கண் கெஞ்சியது. சுவர் மணிக்கூட்டின் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ரோகிணி சொல்லவில்லை.

அப்போது மரம் முனகியது.

அவளுடைய இரண்டு தோளுக்கும் பக்கத்தில், மேற்சட்டத்தை யாரோ பிடித்தார்கள். இடப்பக்கம் நான்கு விரல். வலப்பக்கம் நான்கு விரல். கதிரை பின்னால் ஒரு நூல் சரிந்தது.

சீனி கருகின மணம் மூக்கை அடைத்தது.

தவமணி ரோகிணியைப் பார்க்கவில்லை. ரோகிணியின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தாள்.

மூச்சு காதடிக்கு இறங்கி வந்தது. இவ்வளவு கிட்ட அது முன்பு வந்ததில்லை.

ரோகிணி எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, சேலைத் தலைப்புக் கைப்பிடியில் சிக்கி இழுபட்டது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் அவளுடைய புத்தி தன் வேலையைச் செய்தது. இது யாரையாவது பிடிக்கத்தானே போகிறது? பிடிக்கட்டும். பிடிக்கிறதற்குத்தான் ஆள் வந்து நிற்கிறதே. மகள் கேட்டதையும் செய்தாயிற்று, சனியனையும் தள்ளிவிட்டாயிற்று.

அவள் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். கதிரையைக் கையால் காட்டினாள்.

"இருங்கோ," என்றாள்.

துவாரகாவின் கண் கலங்கியது. வாகீசன்கூட வாயைத் திறந்து பார்த்தார். அந்தச் சொல் அந்த வீட்டில் அப்படி ஒருத்திக்குச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை.

தவமணி அசையவில்லை.

"என்னையோ சொன்னனீங்கள், அக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

கதிரை கிரீச்சிட்டது.

ஒருவர் பின்பக்கமிருந்து சுற்றிவருகிற நேரம் கழிந்தது. கம்பளம் ஒவ்வோர் அடியாக அமுங்கியது. அந்த அமுக்கம் முன்கால்களுக்கு எதிரே வந்து நின்றது. பிறகு கதிரையின் மெத்தை நடுவில் பள்ளமாகியது. மெதுவாக, முழுப் பாரத்தோடு, நெடுநாள் நின்றவர்கள் இருக்கிற மாதிரி. எங்கோ ஆழத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"அவ இருந்திட்டா," என்றாள் தவமணி. "இருக்கட்டும். கனகாலம் நிண்டிருக்கிறா போலை. கால் என்னமா நோகுமெண்டு எனக்குத் தெரியும்."

அவள் தட்டை வாகீசனின் கையில் கொடுத்தாள். மிதுனனின் முழங்கையைத் தொட்டாள். "வா, அப்பன். நாங்கள் வெளிக்கிடுவம்."

துவாரகா கதிரையின் பள்ளத்தைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "தெரிஞ்சுகொண்டுதானே அன்ரிக்கு அதைக் காட்டினனீங்கள்?" என்றாள்.



துவாரகா குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்து, "போறன், அம்மா," என்றாள்.

எங்கள் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லுவதில்லை. கடைக்குப் போகிறவனும் 'போட்டு வாறன்' என்பான், கப்பலேறுகிறவனும் 'போட்டு வாறன்' என்பான். கைக்குழந்தை தப்பாகச் சொன்னாலும் வாயில் ஒரு தட்டுத் தட்டித் திருத்துவார்கள். துவாரகாவை அப்படித் தட்டித் திருத்தியவளே ரோகிணிதான். பிள்ளை தெரிந்துகொண்டுதான் சொன்னாள்.

வாகீசன் தட்டும் கையுமாக அவர்களுக்குப் பின்னால் ஓடினார். கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

ரோகிணி மகளுக்குப் பின்னால் ஓடத்தான் நினைத்தாள். அவளுடைய கால்கள் வேறு பக்கம் போயின. கதிரையைச் சுற்றிக்கொண்டு, சுவருக்கும் அதற்கும் இடையே இருந்த ஒடுக்கத்துக்குள் போய் நின்றன.

வாகீசன் திரும்பி வரும்போது ஐந்து மணி. நவம்பர் மாதம், வெளியே இருட்டிவிட்டது. அவர் விளக்கைப் போட்டார். மனைவி கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"ஏனப்பா நிக்கிறீர்? அவள் வரேல்லை, நான் கெஞ்சிப் பாத்திட்டன். கொஞ்சம் இரும்."

"ஏலாது," என்றாள் ரோகிணி. தரையிலாவது இருக்கலாம் என்று அவள் இந்த இரண்டரை மணித்தியாலத்தில் எத்தனையோ தடவை முயன்றுவிட்டாள். முழங்கால் மடியத் தொடங்கும்போதே கதிரைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வரும், முழங்கால் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

"உந்தக் கதிரையைத் தூக்கி எறியட்டே?"

"நான்தானே இருங்கோ எண்டு சொன்னனான்."

அவள் அதைச் சொன்னபோதுதான் அதன் முழுப் பொருளும் அவளுக்கே உறைத்தது. அந்தச் சொல்லுக்கு உட்காருங்கள் என்று மட்டுமா பொருள்? போகாதீர்கள் என்றும் பொருள். அதுவும் மரியாதையோடு, நான்கு பேருக்கு முன்னால் சொல்லியாயிற்று. சொன்னதை எடுத்துவிட முடியாது.

வாகீசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டு, கைக்கு எட்டிய கடதாசிக் கப்பில் ஊற்றிக்கொண்டு வந்து, கதிரைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் வைத்தார். "குடியும். நான் அவளுக்கு இன்னொருக்கா போன் எடுத்துப் பாக்கிறன்," என்று மேலே போனார்.

கப் நசிந்தது.

யாரும் தொடவில்லை. கழுகு நகத்துக்குள் அகப்பட்ட உருண்டைபோல, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நசிந்தது. தேத்தண்ணீர் மேசையால் வழிந்து கம்பளத்தில் சொட்டியது.

"ச்ச்ச்."

ரோகிணி அலுமாரியைத் திறந்தாள். தங்க விளிம்புக் கோப்பைகளில் ஒன்றை எடுத்தாள். இருபது வருடமாக அதில் யாரும் வாய் வைத்ததில்லை, யாரும் அதற்குத் தக்கவராக வந்ததில்லை. அதைக் கழுவித் துடைத்தாள். புதிதாகத் தேத்தண்ணீர் போட்டாள், சீனி இரண்டு கரண்டி. தட்டோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, குனிந்து, கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு தன் இடத்துக்குப் போனாள். மேற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் நான்கு விரல், அந்தப் பக்கம் நான்கு விரல். மழுங்கிய மரம் அவளுடைய கைக்கு அளவெடுத்து வைத்தது போல இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். இந்த முறை அந்தச் சத்தம் வரவில்லை. கோப்பையில் மட்டும் தேத்தண்ணீர், தங்க விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல ஒரு விரற்கடை இறங்கியது.